ஒரு பருவத்தில் நம் பிள்ளை என்னதான் படிக்கிறது? தொடக்கப் பள்ளிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுப் பருவத்துப் புத்தகம் கைக்கு வந்ததும் ஒரு முறை, பருவ முடிவில் மதிப்பெண் அட்டை வந்ததும் ஒரு முறை, பெற்றோர் வகுப்பறை வாசலில் வந்து நிற்பார்கள். ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளில், அதிலும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில், பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளையும், நின்றபடியே அவசரமாகச் சொன்னதால் பாதியில் விட்டுப்போன பதில்களையும் இங்கே முழுதாக எழுதுகிறேன். பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும். எந்தப் பாடத்திட்டத்துக்கும் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பருவம் என்றால் எத்தனை நாள்? அதற்குள் இவ்வளவு பாடத்தையும் முடிக்க முடியுமா?

நாள் கணக்குப் போட்டால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கும். ஆண்டுக்கு 200 வேலை நாள், மூன்று பருவம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்துக்கு 66, 67 நாள் வரும். தேர்வு, விழா, திடீர் விடுமுறை எல்லாம் போக 60 நாள் மிஞ்சினால் அதிகம். கணக்குக்கு நாளொன்றுக்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்று என்றால் மொத்தம் 40 மணி நேரம். அந்த 40 மணி நேரத்தை வகுப்பில் இருக்கும் அத்தனை பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டை இரண்டு பருவமாகப் பிரிக்கும் பள்ளிகளில் நாளும் கூடும், பாடமும் கூடும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை போய்விட முடியும். எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதுதான் சிரமம். அதனால் பருவத்தின் முதல் வாரத்தை நான் புதுப் பாடத்துக்குக் கொடுப்பதில்லை. போன பருவத்தில் படித்ததில் எது நின்றது, எது நழுவியது என்று பார்ப்பதற்கே அந்த வாரம் சரியாக இருக்கும். "இன்னும் பழசையே நடத்துறாங்களே" என்று அந்த வாரத்தில் கவலைப்பட வேண்டாம்.

எத்தனை பாடம் முடிந்தது என்று பார்த்தால் பிள்ளையின் நிலை தெரிந்துவிடாதா?

தெரியாது. பாடம் முடிந்தது என்பது ஆசிரியரின் கணக்கு. பிள்ளையின் கணக்கு வேறு. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ பெரிய படி இருக்கும். அந்தப் படியில் ஏறிவிட்டால் சுற்றியுள்ள பத்துப் பக்கமும் தானாக வந்துவிடும். ஏறாவிட்டால் அந்தப் பத்துப் பக்கத்தையும் மனப்பாடம் செய்துதான் ஒப்பேற்ற வேண்டியிருக்கும், அடுத்த பருவத்தில் அதுவும் நிற்காது. கீழே ஒவ்வொரு பாடமாக அந்தப் படிகளைத்தான் சொல்கிறேன்.

முதல் வகுப்பில் தமிழ் எழுத்துக்கே இவ்வளவு மாதம் ஏன் ஆகிறது?

247 எழுத்து என்று சொல்லிச் சொல்லியே பலரும் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் தனித்தனியாகப் பழக வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31-தான். மீதமுள்ள 216 உயிர்மெய்யும் துணைக்குறிகளைச் சேர்த்து உருவாகின்றன. பிள்ளை ஏற வேண்டிய பெரிய படி அந்தச் சேர்க்கை. க் என்பதும் இ என்பதும் சேர்ந்தால் கி என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் மி, பி, டி எல்லாம் கேட்காமலே வரும்.

இதில் இரண்டு இடத்தில் பிள்ளைகள் தட்டுத் தடுமாறுவார்கள். ஒன்று, உகர ஊகார வரிசை. கா, மா, பா என்று ஒரே கால் போட்டுப் பழகிய பிள்ளைக்கு கு, சு, டு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவது புரியாது. இந்த 36 எழுத்துக்கும் கூடுதல் நேரம் கொடுத்தே ஆக வேண்டும். இன்னொன்று கெ, கே, கை. காதில் க் முதலில் விழுகிறது, எ பின்னால் விழுகிறது. கையோ கொம்பை முதலில் போட வேண்டும். பாதிப் பிள்ளைகள் க-வை எழுதிவிட்டு, கொம்பு போட இடமில்லாமல் அழிப்பான் தேடுவார்கள். அழித்த தடம் நிறைந்த அந்த நோட்டைப் பார்த்துத் திட்டாதீர்கள். காதுக்கும் கைக்கும் நடக்கும் சண்டையை அந்தப் பிள்ளை தீர்த்துக்கொண்டிருக்கிறது.

சில புத்தகங்கள் அ, ஆ என்று தொடங்காமல் ட, ப, ம என்று வடிவம் எளிதான எழுத்துகளில் தொடங்கும். இரண்டு வாரத்தில் "படம்", "மடம்" என்று சொல்லாகவே படிக்க முடியும் என்பதுதான் காரணம். அகர வரிசை பிறகு வந்துவிடும்.

தாத்தா எழுதிக் காட்டும் "லை"யும் "னை"யும் புத்தகத்தில் இருப்பதுபோல் இல்லையே?

அது பழைய வடிவம். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய சுழிகள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே எழுதும் வழக்கம் வந்தது. பிள்ளை பள்ளி வடிவத்தையே எழுதட்டும். தாத்தாவின் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தால் அதுவும் நல்லதுதான்.

சொல்வதெழுதுதலில் ர, ற, ல, ள, ழ, ந, ன, ண எல்லாமே குழப்பம். என்ன செய்வது?

மூன்றாம் வகுப்பில் இந்தக் கேள்வி வராத பருவமே இல்லை. பத்து முறை எழுது என்று தண்டனை கொடுப்பதால் ஒன்றும் மாறுவதில்லை, பதினோராவது முறை பழைய தப்பே திரும்பி வரும்.

ந, ன, ண மூன்றுக்கும் பிள்ளைகளே பிடித்துக்கொள்ளக்கூடிய ஒழுங்கு இருக்கிறது. ட-வுக்கு முன்னால் ண் வரும்: வண்டி, நண்டு, கண்டேன். ற-வுக்கு முன்னால் ன் வரும்: கன்று, நன்றி, தென்றல். த-வுக்கு முன்னால் ந் வரும்: பந்து, சொந்தம், வந்தான். சொல்லின் முதலில் ந மட்டும்தான் வரும், ன-வும் ண-வும் வரவே வராது. இதைப் பலகையில் மூன்று வீடு வரைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஜோடியைக் குடியேற்றிக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே பதிகிறது. பாதிப் பிழை அந்த வாரமே குறைந்துவிடும்.

ர-வுக்கும் ற-வுக்கும் அப்படி முழு விதி கிடையாது. பொருளோடு பழகுவதுதான் வழி. "அரை மணி நேரம் அறையில் இருந்தான்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் வைத்து எழுதச் சொல்வேன். கணக்கில் அரை என்று படித்த பிள்ளைக்கு அந்தச் சொல்லின் எழுத்து அங்கிருந்தே வந்துவிடுகிறது. ல, ள, ழ மூன்றுக்கும் முதலில் வாய் சரியாக வேண்டும். வீட்டில் எல்லோரும் "பளம்" என்று சொன்னால் பிள்ளை பழத்தை எப்படி எழுதும்? நீங்கள் சொல்லும்போதே ழ-வைச் சரியாகச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

கடகடவென்று வாசிக்கிறாள். ஆனால் என்ன வாசித்தாய் என்றால் பதில் இல்லை. இது சரியா?

இரண்டாம் வகுப்பின் நடுவில் இதைப் பல பிள்ளைகளிடம் பார்க்கலாம். முழுக் கவனமும் எழுத்தைச் சத்தமாக மாற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது, பொருளைப் பிடிக்க மிச்சம் எதுவும் இல்லை. வாசிப்பு கைக்குப் பழகப் பழகப் பொருளுக்கு இடம் கிடைக்கும். ஆனால் மூன்றாம் வகுப்பிலும் அப்படியே இருந்தால் சும்மா விடக்கூடாது. அந்த வகுப்பிலிருந்து அறிவியல், சமூகம், கணக்கு எல்லாமே வாசித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சிறு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும். அப்புறம் கேள்வி கேளுங்கள். பதில் வந்தால் பொருள் புரிகிறது, வாசிப்பில்தான் வேகம் குறைவு என்று அர்த்தம். தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசித்தால் சரியாகிவிடும். நீங்கள் வாசித்தும் பதில் வரவில்லை என்றால் சொல்வளம் குறைவு. அதற்கு வாசிப்புப் பயிற்சியைவிடப் பேச்சும் கதையும்தான் அதிகம் உதவும்.

ஆங்கிலத்தில் இந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்?

26 எழுத்து, பெரியதும் சிறியதுமாக 52 வடிவம். வடிவத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். சிரமம் ஒலியில்தான். எழுத்து 26, ஒலிகளோ சுமார் 44. ஓர் எழுத்துக்குப் பல ஒலி, ஓர் ஒலிக்குப் பல எழுத்து. தமிழில் எழுதியதை எழுதியபடியே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு, கத்தியைக் குறிக்கும் "நைஃப்" என்ற சொல்லின் முதல் எழுத்து வாய்க்கே வராது என்பதை நம்பவே முடியாது. ஒரு பையன் என்னிடம், "அப்ப எதுக்கு மிஸ் அதை எழுதணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பழைய காலத்தில் அதையும் உச்சரித்தார்கள், உச்சரிப்பு போய் எழுத்து மட்டும் நின்றுவிட்டது என்று சொன்னேன். சமாதானமானான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு தப்பும் உண்டு. "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப-வும் நடுவில் வரும் ப-வும் வேறு வேறாக ஒலிக்கின்றன, எழுத்து ஒன்றுதான். பந்தைக் குறிக்கும் "பால்", பேனாவைக் குறிக்கும் "பென்" ஆகிய இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தமிழில் எழுதினால் ஒரே ப. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. இதை மாற்றி எழுதும் பிள்ளை கவனக்குறைவாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், தன் தாய்மொழி சொன்னபடி எழுதுகிறது. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து "பென்" என்று சொல்லச் சொன்னால் காகிதம் படபடக்கும். "பால்" என்றால் அவ்வளவாக அசையாது. இப்படி ஒரு முறை செய்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கணக்கில் "நூற்று ஐந்து" எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறான். இது எப்படி?

காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். நூறு என்றதும் 100, ஐந்து என்றதும் 5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டான். இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்புக் கணக்கில் ஏற வேண்டிய பெரிய படி இதுதான்.

தமிழில் எண்ணுப் பெயர்கள் இதற்கு நிறைய உதவும். பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் கேட்கிறது, இருபது என்பதில் இரண்டு பத்து கேட்கிறது. ஆனால் ஒன்பது வரும் இடத்தில் மட்டும் காலை வாரிவிடும். தொண்ணூறு என்பதில் நூறு கேட்கிறது, மதிப்போ 90. தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் கேட்கிறது, மதிப்போ 900. இந்த இரண்டையும் தனியாக எடுத்துச் சொல்லித்தான் ஆக வேண்டும். எண்பது, தொண்ணூறு, நூறு என்று வரிசையாகப் பத்துப் பத்தாக எண்ணச் சொன்னால் குழப்பம் தெளியும்.

கடன் வாங்கிக் கழித்தலில் மட்டும் எப்போதும் தப்பு. பயிற்சி போதவில்லையா?

பயிற்சிக்கு முன்னால் அந்தத் தப்பை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பெண் பிள்ளையின் நோட்டில் 304-லிருந்து 128-ஐக் கழித்து 224 என்று இருந்தது. பக்கம் முழுக்க இப்படித்தான், ஒன்றுகூடச் சரியில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "நாலுல எட்டு போகாது மிஸ், அதனால எட்டுல நாலு போனா நாலு. பூஜ்யத்துல ரெண்டு போகாது, ரெண்டுல பூஜ்யம் போனா ரெண்டு. மூணுல ஒண்ணு போனா ரெண்டு." துளிகூடத் தயக்கம் இல்லை. பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும் என்று முதல் வகுப்பில் யாரோ, நானாகவும் இருக்கலாம், சொன்னதை அவள் அவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஐம்பது கணக்கு கொடுத்தால் ஐம்பதையும் அதே தப்போடு போடும். அவளுக்குக் குச்சிக் கட்டுகளைக் கொடுத்தேன். நூறு குச்சி உள்ள கட்டு மூன்று, தனிக் குச்சி நான்கு. இதிலிருந்து 128 குச்சி எனக்குக் கொடு என்றேன். எட்டுத் தனிக் குச்சி அவளிடம் இல்லை. பத்துக் கட்டும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு நூறு கட்டை அவளே அவிழ்த்தாள். உள்ளே பத்துப் பத்துக் கட்டு. அதில் ஒன்றை அவிழ்த்தாள். இப்போது இரண்டு நூறு, ஒன்பது பத்து, பதினான்கு ஒன்று. எட்டு, இரண்டு, ஒன்று என்று எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணினாள். 176. நோட்டில் இருந்த 224-ஐப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் அழிப்பானை எடுத்தாள்.

அதன் பிறகு பயிற்சி கொடுங்கள். அப்போதுதான் பயிற்சிக்குப் பயன் உண்டு.

வாய்ப்பாடு மனப்பாடம் செய்ய வேண்டுமா, புரிந்தால் போதுமா?

இரண்டும் வேண்டும், புரிவது முதலில். நாலு ஏழு என்றால் நான்கு வரிசையில் ஏழு ஏழு புள்ளி என்று வரைந்து பார்த்த பிள்ளைக்கு, தாளைத் திருப்பினால் அதுவே ஏழு வரிசையில் நான்கு நான்கு என்று தெரிந்துவிடும். இதில் பெரிய லாபம் இருக்கிறது. ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து பத்தாம் வாய்ப்பாடு வரை 100 பெருக்கல். திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்தால் 55 ஆகிவிடும். ஒன்றாம், பத்தாம் வாய்ப்பாட்டுக்கு உழைப்பே வேண்டாம், 36 மிஞ்சும். இரண்டும் ஐந்தும் பிள்ளைகளுக்குப் பாட்டு மாதிரி வந்துவிடும், அதையும் கழித்தால் உட்கார்ந்து படிக்க வேண்டியது 21 பெருக்கல் மட்டுமே. 60 நாள் பருவத்தில் மூன்று நாளைக்கு ஒன்று. இப்படிச் சொன்னதும் பிள்ளைகளின் முகமே மாறிவிடும்.

ஆனால் மனப்பாடத்தை விட்டுவிடாதீர்கள். நான்காம் வகுப்பில் வகுத்தல் கணக்கின் நடுவில் ஆறு எட்டு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணும் பிள்ளை, எண்ணி முடிப்பதற்குள் கணக்கில் எங்கே இருந்தோம் என்பதை மறந்துவிடும்.

கூட்டல் கழித்தல் நன்றாகப் போடுகிறான், சொற்கணக்கு என்றால் மட்டும் விழிக்கிறான்?

இதைப் படியுங்கள்: "என்னிடம் 15 பென்சில் இருக்கிறது. இது என் தங்கையிடம் இருப்பதைவிட 6 அதிகம். தங்கையிடம் எத்தனை?" வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 21 என்பார்கள். "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிடுவார்கள். விடை 9. இங்கே தவறியது கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. வாக்கியத்தை முழுதாக வாசிக்கவில்லை, யாரிடம் அதிகம் என்று யோசிக்கவில்லை. கணக்கு மதிப்பெண் குறைவதற்குக் காரணம் தமிழ்ப் பாடத்தில் இருக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். கணக்குக்கு டியூஷன் போடுவதற்கு முன்னால், கணக்கை வாசித்துவிட்டு அதைத் தன் சொல்லில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். படமாக வரையச் சொன்னால் இன்னும் நல்லது.

சமக்குறியையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று எழுதினால், சமக்குறி என்பது "விடையை இங்கே எழுது" என்ற கட்டளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு, தராசு மாதிரி என்று புரிந்த பிள்ளை 7 என்று எழுதும். மேல் வகுப்பில் இயற்கணிதம் வரும்போது இந்தப் படியில் ஏறியவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

அறிவியல், சூழ்நிலையியல் எல்லாம் கேள்வி பதிலைப் படித்தால் போதாதா?

தேர்வுக்குப் போதும். ஆனால் அந்தப் பாடம் பிள்ளைக்குள் போகாது. அறிவியலில் ஒரு பருவத்தில் பிள்ளை கற்க வேண்டிய பெரிய விஷயம், தான் நினைத்தது சரியா என்று தானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான்.

விதை முளைக்க வெயில் வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் அடித்துச் சொல்வார்கள். ஈரப் பஞ்சில் பயறு வைத்த இரண்டு டம்ளரில் ஒன்றை ஜன்னலிலும், ஒன்றை மூடிய அலமாரியிலும் வைத்தோம். தினமும் தண்ணீர் தெளித்து, பார்த்ததை நோட்டில் வரைய வேண்டும். இரண்டும் முளைத்தன. வகுப்பே வாயடைத்துப் போனது. அதைவிட ஆச்சரியம், ஒரு வாரத்தில் அலமாரிப் பயறு ஜன்னல் பயறைவிட உயரமாக வளர்ந்திருந்தது. ஆனால் வெளிறிய மஞ்சளாக, நூல் மாதிரி, நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. முளைக்கத் தண்ணீரும் காற்றும் ஓரளவு சூடும் போதும், விதைக்குள்ளேயே உணவு இருக்கிறது. அப்புறம் பச்சையாகித் தானே உணவு தயாரிக்கத்தான் வெளிச்சம் வேண்டும். இதை நான் பலகையில் எழுதிப் போட்டிருந்தால் இரண்டு வரி. அவர்கள் பார்த்ததால் அதற்கடுத்த வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆவியாதலும் அப்படித்தான். ஈரத் துணியால் கரும்பலகையைத் துடைத்து, ஈரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டால் போதும். ஐந்து நிமிடத்தில் ஈரம் சுருங்கிவிடும். எங்கே போனது என்று கேட்டால், பலகை குடித்துவிட்டது என்பார்கள். சரி, எவர்சில்வர் தட்டில் ஊற்றிப் பார்க்கலாம் என்பேன். தட்டு குடிக்காது என்பது அவர்களுக்கே தெரியும்.

சமூகப் பாடத்தில் வரைபடம் என்றாலே திணறுகிறாள்?

வரைபடம் பார்ப்பதற்கு, மேலே பறந்துகொண்டு கீழே பார்ப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். மேசையை வரையச் சொன்னால் நான்கு காலும் சேர்த்துத்தான் பிள்ளை வரையும். மேலிருந்து பார்த்தால் கால் தெரியாது, செவ்வகம் மட்டும் தெரியும். அதனால் முதலில் பென்சில் பெட்டி, அப்புறம் மேசை, அப்புறம் வகுப்பறை, அப்புறம் பள்ளி என்று படிப்படியாக மேலே ஏற வேண்டும். நேரடியாக நாட்டின் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் திணறத்தான் செய்வார்கள்.

திசையில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால், வடக்கு எங்கே என்றால் பிள்ளைகள் கூரையைக் காட்டுவார்கள். வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்து, வடக்கு வடக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்தால் தீர்ந்தது. காலைச் சூரியனைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு, இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு. இதை மைதானத்தில் நிற்க வைத்துத்தான் சொல்லித் தர வேண்டும்.

ஓவியம், பாட்டு, விளையாட்டுப் பாடவேளைகளைத் தேர்வு நேரத்தில் மற்றப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாமே?

எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாட்டில் தாளம் பிடிக்கும் பிள்ளைக்குச் சொல்லை அசை அசையாகப் பிரிக்க வருகிறது. கத்தரிக்கோலும் களிமண்ணும் பிடித்த விரல்தான் பென்சிலையும் உறுதியாகப் பிடிக்கிறது. அதோடு, தோற்றுவிட்டு அழாமல் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தருவதில்லை, மைதானம்தான் தருகிறது.

வீட்டுப்பாடத்துக்கு எவ்வளவு நேரம்? நாங்களே செய்து கொடுக்கலாமா?

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இருபது நிமிடம் போதும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் பள்ளியில் வந்து சொல்லுங்கள். செய்து கொடுக்க வேண்டாம். சார்ட்டும் மாதிரியும் அழகாக இருந்தால் அது உங்கள் கைவேலை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தப்பும் தவறுமாகப் பிள்ளை செய்து கொண்டுவந்தால் எங்கே உதவ வேண்டும் என்பது தெரியும். உங்கள் விடையை எழுதி அனுப்பினால் அதுவும் தெரியாமல் போய்விடும்.

மதிப்பெண் அட்டையை எப்படிப் பார்ப்பது?

அட்டையைவிட விடைத்தாளைப் பாருங்கள். கணக்கில் 70 என்பது எதையும் சொல்லாது. விட்ட 30 எங்கே போனது என்பதில்தான் செய்தி இருக்கிறது. தெரியாமல் விட்டதா, தெரிந்தும் நேரம் போதாமல் விட்டதா, கேள்வி புரியாமல் வேறு எதையோ எழுதியதா என்று பாருங்கள். ஒரே வகைத் தப்பு மூன்று இடத்தில் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது ஆறு, ஏழு வயது வரை நிறையப் பிள்ளைகளிடம் உண்டு, பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஆனால் பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் பிழை நிறைய வந்தால் முதலில் கண்ணைச் சோதியுங்கள். சொல்வதெழுதுதலில் மட்டும் பிழை என்றால் காதைச் சோதியுங்கள். என் வகுப்பில் "மந்தம்" என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பையனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னேன். கண்ணாடி போட்ட மறுநாள் அவன் கடைசி பெஞ்சிலிருந்து பலகையை வாசித்தான். அவன் வீணாய்க் கழித்த ஒன்றரை ஆண்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கேட்பதில்லை.

கண்ணும் காதும் சரியாக இருந்து, பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளை இரண்டு பருவம் உழைத்தும் வாசிப்பில் நகரவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கலாம். அதற்கான நிபுணரிடம் காட்டுங்கள். சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

விடுமுறையில் எல்லாம் மறந்துவிடுமே?

கொஞ்சம் மறக்கும். வாய்ப்பாடும் எழுத்துப் பிழையும்தான் முதலில் பின்வாங்கும். தினமும் ஒரு பக்கம் வாசிப்பு, எங்கே போனாலும் கண்ணில் படும் பலகை, பேருந்து எண், கடிகாரம் எதையாவது வாசித்துச் சொல்வது போதும். அடுத்த பருவத்துப் புத்தகத்தை முன்கூட்டியே நடத்திவிட வேண்டாம். வகுப்பில் "எனக்கு இது தெரியும்" என்று கவனிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், தெரிந்ததோ பாதிதான்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் என்ன கேட்பது?

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நல்லாப் படிக்கிறான், இன்னும் கவனம் வேண்டும்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, போன பருவத்தில் முடியாதது இப்போது எது முடிகிறது என்று கேளுங்கள். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு பாடத்திலும் எந்த இடத்தில் அதிகப் பிள்ளைகள் தடுமாறுவார்கள் என்று கேளுங்கள். யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், சந்தேகம் வந்தால் கை தூக்குகிறானா என்றும் கேளுங்கள். வரும்போது பிள்ளையின் கணக்கு நோட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். தப்பாகப் போட்ட ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று பேரும் சேர்ந்து பார்க்கலாம்.